ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே கணக்கு: எல்லையோரத்து மாற்றுத்திறனாளி மாணவர்கள் கல்வி உதவித்தொகை வாங்கும் வழி

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு, பொள்ளாச்சியில் கல்லூரி, கோயம்புத்தூரில் வைத்தியம். கேரளாவின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசும் குடும்பங்களில் பல பிள்ளைகளின் கதை இதுதான். கல்யாணத்துக்கும் கடைக்கும் போகும்போது எல்லை என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது. வேலந்தாவளத்தில் டீ குடித்துவிட்டு நாலு எட்டு நடந்தால் அடுத்த மாநிலம். ஆனால் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தால் மட்டும் அந்தச் சோதனைச்சாவடி குறுக்கே வந்து நிற்கும். நீ எந்த ஊர், எந்த மாநிலம், எந்தப் பெயர் உன்னுடையது என்று ஒவ்வொரு கட்டமும் கேட்கும்.

எனக்குப் பிறவியிலிருந்தே வலது கையும் வலது காலும் சரியாக இயங்காது, செரிப்ரல் பால்சி. கல்லூரியில் படித்த மூன்று வருடங்களில் ஒரு வருடம் மட்டும்தான் உதவித்தொகை கைக்கு வந்தது. தகுதி மூன்று வருடமும் இருந்தது. காகிதங்கள்தான் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அதற்கப்புறம் அக்கா மகளுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் போட்டுக் கொடுத்தே இந்த வேலை பழகிப்போனது. பணம் எங்கே இருக்கிறது என்பதை எல்லாரும் முதலில் தேடுகிறார்கள். என் அனுபவத்தில் அது ஆறாவது வேலை. காகிதத்தைச் சரி செய்வதிலிருந்து ஆரம்பிப்போம்.

முதலில்: உங்கள் நிலை சட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா?

1995-ஆம் வருடத்துச் சட்டத்தில் 7 வகை ஊனங்கள்தான் இருந்தன. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. பார்வை, காது, கை கால் குறைபாடுகள் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவைதான் முக்கியம்: தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தசைச் சிதைவு, நாள்பட்ட நரம்பியல் நோய்கள், ஆட்டிசம், மனநோய், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு, குள்ளத்தன்மை, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள். எங்கள் மாவட்டத்தில் அட்டப்பாடி மலைக் கிராமங்களில் அரிவாள் செல் நோய் உள்ள குடும்பங்கள் உண்டு. அதை "ரத்தம் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம், இது சட்டப்படி ஊனப் பட்டியலில் வரும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

பட்டியலில் இல்லாதவையும் உண்டு. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஆஸ்துமா ஆகியவை அந்த 21-இல் தனியாக வராது. ஆனால் நோய் பட்டியலில் இல்லாவிட்டாலும் அதன் விளைவு பட்டியலில் இருக்கலாம். சிறுவயது மூட்டுவாதம் முழங்காலை மடக்க முடியாமல் செய்திருந்தால் அது இயக்கக் குறைபாடாக அளக்கப்படும். சர்க்கரை கண்ணைப் பாதித்திருந்தால் குறைபார்வை. அப்படியும் எதுவும் இல்லையென்றால் உங்கள் வழி வேறு. கடைசிப் பகுதிக்கு முந்தியதில் அதைச் சொல்கிறேன்.

இரண்டாவது: சான்றிதழும் யுடிஐடி அட்டையும்

ஊனத்தின் அளவு 40 சதவீதம் என்பதுதான் எல்லாவற்றுக்கும் வாசற்படி. 40 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் மத்திய அரசின் ஊனமுற்றோர் உதவித்தொகைகளும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இட ஒதுக்கீடும், 5 வருட வயதுத் தளர்வும் கிடைக்கும். சான்றிதழோடு யுடிஐடி என்கிற தேசிய அடையாள அட்டையும் இன்றைக்குக் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். போட்டோ, கையெழுத்து, ஆதார், பழைய மருத்துவக் காகிதங்கள் இருந்தால் போதும். அட்டையில் ஒரு வண்ணக் கோடு இருக்கும்: 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். கேரளாவில் ரேஷன் கார்டுக்கும் மஞ்சள், நீலம், வெள்ளை உண்டு என்பதால், அங்கே அரசு விண்ணப்பங்களைப் போட்டுக் கொடுக்கும் அக்ஷயா சென்டரில் "மஞ்சக் கார்டு இருக்கா?" என்று கேட்டால் எந்தக் கார்டு என்று திருப்பிக் கேளுங்கள். எங்கள் வீட்டில் இதனால் ஒரு முழு காலைப்பொழுது வீணாயிற்று.

எல்லையோரத்துக்காரர்களுக்கு மிகவும் உதவும் விதி இது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து மருத்துவக் குழுவிடம்தான் போக வேண்டும் என்றில்லை. அந்தக் குறைபாட்டுக்காக நீங்கள் சிகிச்சை பெறும், அல்லது முன்பு பெற்ற, அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்கலாம். 2017-இல் வந்த விதிகளிலேயே இது இருக்கிறது. எந்த மாநிலத்தில் கொடுத்த சான்றிதழும் நாடு முழுக்கச் செல்லும் என்று சட்டத்தின் 58-ஆம் பிரிவு சொல்கிறது. கோயம்புத்தூர் அரசு மருத்துவமனையில் பத்து வருடமாகக் கோப்பு இருக்கிற பிள்ளை, பாலக்காட்டில் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதில்லை. "இது தமிழ்நாட்டுச் சான்றிதழ், செல்லாது" என்று யாராவது சொன்னால் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், எண்ணை மட்டும்.

இனி குழு உட்காரும் நாள். எனக்குப் பதினேழு வயதில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்: "டாக்டருக்கு முன்னாடி நேரா நடக்கோணும் கண்ணு, காலை இழுக்காத." சின்ன வயதிலிருந்து பிசியோதெரபிக்குக் கூட்டிப்போய்ப் பழக்கியவர் அவர்தான். டாக்டர் முன்னால் மகன் நன்றாக நடந்து காட்டினால் அவருக்குத் தேர்வில் ஜெயித்த மாதிரி. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த அறையின் நீளத்தை நேராக நடந்தேன். 35 சதவீதம் எழுதினார்கள். வெளியே வந்து மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். அதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

நடிக்கச் சொல்லவில்லை. மறைக்காதீர்கள் என்கிறேன். தினமும் எப்படி நடக்கிறீர்களோ அப்படி நடங்கள். பட்டன் போட எவ்வளவு நேரம், எழுத எத்தனை பக்கம் தாங்கும், மாதத்தில் எத்தனை நாள் படுக்கையில் கழிகிறது, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ரத்த நோய்க்காரர்கள் எத்தனை முறை ரத்தம் ஏற்றினார்கள், எத்தனை முறை அட்மிட் ஆனார்கள் என்ற டிஸ்சார்ஜ் சம்மரிகளை வருட வாரியாக அடுக்கிக்கொண்டு போங்கள். டாக்டருக்கு உங்களோடு இருப்பது சில நிமிடங்கள்தான்; உங்களுக்காகப் பேசப் போவது அந்தக் காகிதங்கள்.

சதவீதம் குறைவாகத் தோன்றினால் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். நான் செய்தேன், இரண்டாவது முறை சரியான அளவு கிடைத்தது. 40-க்குக் கீழேயே நின்றுவிட்டாலும் அந்தச் சான்றிதழைத் தூக்கிப் போடாதீர்கள். எழுதச் சிரமம் உள்ளவர்களுக்கு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தரும் எழுத்தர் உதவி உண்டு என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த வருடமே மத்திய அரசு அதற்கான வழிமுறைகளையும் கொண்டுவந்தது.

மூன்றாவது: நீங்கள் எந்த மாநிலம்?

ஊனச் சான்றிதழ் எல்லை தாண்டும். வருமானச் சான்றிதழும், இந்த மாநிலத்துக்காரர் என்று காட்டும் பூர்வீகச் சான்றிதழும் தாண்டாது. இதுதான் எங்கள் பக்கத்தில் விண்ணப்பங்கள் கவிழும் இடம்.

வீடு கேரளாவில் என்றால் வருமானச் சான்றிதழை வில்லேஜ் ஆபீசர் கொடுப்பார்; அக்ஷயா வழியாக விண்ணப்பிக்கலாம். கல்லூரி தமிழ்நாட்டில் இருக்கிறதே என்று பொள்ளாச்சி தாலுகா ஆபீசில் போய் நிற்காதீர்கள். அதேபோல் வீடு தமிழ்நாட்டில் இருந்து, சித்தூர் அரசுக் கல்லூரியிலோ பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலோ படிக்கிறவர்கள் இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரிடமே சான்றிதழ் வாங்க வேண்டும். கல்லூரி எங்கே இருந்தாலும் வருமானம் வீட்டோடு சேர்ந்தது.

பூர்வீகச் சான்றிதழில் ஒரு சிக்கல். முதல் பிரசவம் அம்மா வீட்டில் என்பது வழக்கம். அதனால் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பொள்ளாச்சி என்றோ கோயம்புத்தூர் என்றோ இருக்கும். வில்லேஜ் ஆபீசில் அந்த வரியில் பேனா நின்றுவிடும். பிறப்புச் சான்றிதழ் ஒன்றை மட்டும் நீட்டாமல், கேரளாவில் படித்த பள்ளி ஆவணங்கள், அப்பாவின் பிறப்பு அல்லது பள்ளி ஆவணம், வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொண்டுபோங்கள்.

இரண்டு பக்கமும் ரேஷன் கார்டு, இரண்டு பக்கமும் ஓட்டு என்று வைத்திருக்கும் வீடுகள் உண்டு, ஊருக்கே தெரியும். அது தப்பு என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உதவித்தொகையில் அது காலை வாரிவிடும். ஆதாரில் ஒரு மாநிலம், வருமானச் சான்றிதழில் இன்னொரு மாநிலம், விண்ணப்பத்தில் "சொந்த மாநிலம்" என்ற கட்டத்தில் யோசிக்காமல் தேர்ந்தெடுத்த மூன்றாவது பதில் என்று இருந்தால் சரிபார்ப்பவர் திருப்பி அனுப்புவார். ஒரு மாநிலத்தை முடிவு செய்யுங்கள். எல்லாக் காகிதத்தையும் அதற்கு மாற்றிய பிறகு விண்ணப்பத்தைத் தொடுங்கள்.

நான்காவது: பெயர்

தமிழ்நாட்டில் இனிஷியல் முன்னால். கேரளப் பள்ளிகளில் இனிஷியல் பின்னால். ஆதாரில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுசாகப் போட்டிருப்பார்கள். போதாததற்கு மலையாளத்தில் எழுதி அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது முருகன் "முருகன்" ஆக இருப்பதில்லை. நடுவில் ஆங்கில "ஜி"யும் "கே"யும் இடம் மாறும். செல்விக்கு எங்கிருந்தோ ஒரு "ஷ" வரும். இணையதளம் ஆதாரோடு ஒப்பிடும்போது இதெல்லாம் வெவ்வேறு ஆட்கள்.

அக்ஷயாவில் என் இரண்டு சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அந்த அக்கா சிரித்தார்: "மோனே, இது ரெண்டு பேரல்லே?" மலையாளத்தில் "பேர்" என்றால் பெயரும்தான், ஆளும்தான். இரண்டு அர்த்தத்திலும் அவர் கேட்டது சரி.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரை அடிப்படையாக வையுங்கள். அதை மாற்றுவதுதான் மிகவும் கடினம். ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுங்கள், அப்புறம் வங்கிக் கணக்கு, அப்புறம் யுடிஐடி. இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்வீர்கள். பிளஸ் டூ முடிந்த கோடை விடுமுறைதான் இதற்குச் சரியான நேரம்.

ஐந்தாவது: வங்கிக் கணக்கு

இரண்டாம் வருடம் என் விண்ணப்பம் எல்லா நிலையும் தாண்டி "பணம் அனுப்பப்பட்டது" என்று வந்துவிட்டது. என் கணக்கில் ஒரு ரூபாயும் ஏறவில்லை. மூன்று மாதம் ஒரு வங்கிக்கு நடையாய் நடந்தேன். பாஸ்புக்கில் ஆதார் இணைத்திருக்கிறது, எங்கள் பக்கம் தப்பில்லை என்றார்கள். தப்பு எங்கே என்று கண்டுபிடித்தது பக்கத்துத் தெருப் பையன். பள்ளியில் படித்தபோது வேறொரு வங்கியில் ஜீரோ பேலன்ஸ் கணக்கு திறந்திருந்தார்கள். என் ஆதாரின் அரசுப் பண வழி அந்தக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கு முடங்கி வருடக்கணக்காகியிருந்தது.

ஆதாரைக் கணக்கில் இணைப்பது வேறு, அரசுப் பணம் வரும் கணக்காக அதை, வங்கிகளுக்கிடையே பணம் போகும் வழியை நடத்தும் என்பிசிஐ நிறுவனத்தின் பதிவேட்டில் குறிப்பது வேறு. வங்கிக்காரரிடம் "ஆதார் சீடிங், டிபிடிக்கு" (டிபிடி என்றால் அரசுப் பணம் நேராகக் கணக்குக்கு வருவது) என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். எந்த வங்கி குறிக்கப்பட்டிருக்கிறது என்று மைஆதார் தளத்தில் "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" என்ற இடத்தில் இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம். விண்ணப்பம் போடும் முன் பாருங்கள். கணக்கு மாணவர் பெயரில் இருக்க வேண்டும், அம்மா பெயரில் அல்ல.

ஆறாவது: பணம் எங்கே இருக்கிறது?

மத்திய அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில், அதாவது என்எஸ்பியில். முதலில் ஓடிஆர் என்ற ஒருமுறைப் பதிவு. முகத்தைக் காட்டி ஆதாரோடு சரிபார்த்த பிறகு 14 இலக்க எண் வரும். படிப்பு முடியும்வரை அதே எண்தான், பத்திரப்படுத்துங்கள்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது மாற்றுத்திறனாளிகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பதினொன்றாம் வகுப்பு முதல் முதுநிலை வரை. பெற்றோர் வருமானம் வருடத்துக்கு 2.5 லட்சத்துக்குள். படிப்பையும் விடுதியில் தங்குகிறீர்களா என்பதையும் பொறுத்து மாதம் 550 முதல் 1600 ரூபாய் வரை, புத்தகத்துக்கு வருடம் 1500, ஊனப்படியாக வருடம் 2000 அல்லது 4000. பார்வைக் குறைபாட்டுக்கும் அறிவுத்திறன் குறைபாட்டுக்கும் அந்த அதிகத் தொகை. கல்லூரி திருப்பித் தராத கட்டாயக் கட்டணங்களை வருடம் 1.5 லட்சம் வரை அரசு ஈடுகட்டிக் கொடுக்கும். மாதத் தொகையைப் பார்த்து "இதுக்கா இவ்வளவு அலைச்சல்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பணம் இருப்பது அந்தக் கட்டண வரியில். அதனால் கல்லூரியில் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தலைப்பு வாரியாக ரசீது வாங்குங்கள். "மொத்தம்" என்று ஒரே வரியில் போட்ட ரசீது உதவாது.

பொறியியல், பாலிடெக்னிக் போன்ற, ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) அங்கீகாரம் பெற்ற படிப்பில் சேர்ந்திருந்தால் சக்ஷம் உதவித்தொகை. வருடம் 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். முதல் வருடத்திலோ, லேட்டரல் என்ட்ரியில் இரண்டாம் வருடத்திலோ சேரும்போதே போட வேண்டும். அந்த வருடம் தவறினால் பஸ் போய்விட்டது. டிப்ளமா படிக்கிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல திட்டம் நான் பார்க்கவில்லை.

ஐஐடி போன்ற அறிவிக்கப்பட்ட பெரிய நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு டாப் கிளாஸ் திட்டம் தனியாக உண்டு. பிஎச்டி போகிறவர்களுக்குத் தேசிய ஃபெல்லோஷிப்.

மதிப்பெண் நன்றாக இருந்தால் ஊனத் திட்டங்களோடு நின்றுவிடாதீர்கள். பிளஸ் டூவில் வாரியத்தின் மேல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகையில் இளநிலைக்கு வருடம் 12,000, முதுநிலைக்கு 20,000. வருமான வரம்பு 4.5 லட்சம். அதில் 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு அரசு உதவித்தொகை வாங்க முடியாது என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்து எது பெரிதோ அதை எடுங்கள்.

கேரளப் பக்கம் போனால் மொழியில் கொஞ்சம் தடுமாறுவீர்கள். மாற்றுத்திறனாளியை அங்கே "பின்னசேஷி" என்பார்கள். "சாமூஹ்யநீதி வகுப்பு" என்று போட்டிருந்தால் பாடம் நடக்கும் வகுப்பு அல்ல, சமூகநீதித் துறை. "அவசான தீயதி" என்றால் கெட்ட காரியம் ஏதுமில்லை, கடைசித் தேதி. "சதமானம்" சதவீதம், "ரக்ஷிதாவு" பெற்றோர் அல்லது காப்பாளர், "ஒப்பு" கையெழுத்து, "தனசஹாயம்" நிதியுதவி. இந்த ஏழு சொல் தெரிந்தால் பாதி படிவம் முடிந்தது. தவிர, 1969-ஆம் வருடத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். நான் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். பதில் மலையாளத்தில் வந்தது, ஆனால் வேலை நடந்தது.

சமூகநீதித் துறையின் திட்டங்களை சுனீதி என்ற இணையதளத்தில் பாருங்கள். மாற்றுத்திறனாளி மாணவர் உதவித்தொகை, சீருடைக்கும் படிப்புப் பொருளுக்கும் வித்யாஜோதி, தொலைதூரக் கல்வியில் படிக்கிறவர்களுக்கு வர்ணம், பட்டப் படிப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கு விஜயாம்ருதம். பெற்றோர் மாற்றுத்திறனாளி என்றால் பிள்ளைக்கு வித்யாகிரணம். மாணவருக்கே ஊனம் இருக்க வேண்டியதில்லை. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. கேரளாவின் அரசு, உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரிகளில் முதல் வருடம் சேர்ந்தவர்களுக்கு மாநில உயர்கல்விக் கவுன்சில் உதவித்தொகை உண்டு. முதல் வருடம் 12,000, இரண்டாம் வருடம் 18,000, மூன்றாம் வருடம் 24,000. அதில் 3 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு.

எல்லாவற்றையும்விடப் பக்கத்தில் இருப்பது பஞ்சாயத்து. வடகரப்பதியோ எருத்தேம்பதியோ கொழிஞ்சாம்பாறையோ, கேரளப் பஞ்சாயத்துகள் தங்கள் திட்ட நிதியிலிருந்து மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உதவித்தொகை ஒதுக்கும் வழக்கம் உண்டு. பயனாளிகள் பட்டியல் கிராம சபை வழியாக வரும். இதற்கு இணையதளம் எல்லாம் வேண்டாம். அங்கன்வாடி டீச்சரிடம் கேளுங்கள், கிராம சபைக்குப் போய் உட்காருங்கள். எங்கள் வார்டில் கல்லூரிப் பிள்ளைகள் யாரும் கேட்காததால் சில வருடம் பட்டியலில் பள்ளிப் பிள்ளைகள் பெயர் மட்டும் இருந்தது.

தமிழ்நாட்டில் குடியிருப்பவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான் முதல் படி. கல்வி உதவித்தொகையும் பார்வையற்றோருக்கான வாசிப்பாளர் உதவித்தொகையும் அங்கேதான். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்து அங்கேயே கல்லூரி சேர்ந்தவர்கள் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயையும் கேட்டுப் பாருங்கள். எந்த மாநிலத் திட்டமானாலும் ஒரு வரியை முதலில் படியுங்கள்: கல்லூரி அதே மாநிலத்தில் இருக்க வேண்டுமா? அதைப் படிக்காமல் மற்ற பத்துப் பக்கத்தையும் நிரப்பியவன் நான்.

தனியார் பக்கம் இரண்டைச் சொல்கிறேன். ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் முதல் வருட இளநிலை மாணவர்களுக்குப் படிப்பு முழுவதற்குமாக 2 லட்சம் வரை கொடுக்கிறது. பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும், தகுதித் தேர்வு உண்டு, மாற்றுத்திறனாளிகளை விண்ணப்பிக்கச் சொல்லியே அழைக்கிறார்கள். ஹெச்டிஎஃப்சி வங்கியின் பரிவர்த்தன் உதவித்தொகை, குடும்பத்தில் நோயோ இழப்போ வந்து படிப்பு நிற்கும் நிலையில் இருப்பவர்களையும் கணக்கில் எடுக்கிறது. விண்ணப்பக் கட்டணம் என்று யார் கேட்டாலும், முன்பணம் கட்டினால் தொகை உறுதி என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். அக்ஷயாவுக்கும் இ-சேவைக்கும் கொடுக்கும் சேவைக் கட்டணம் வேறு. அதற்கு ரசீது உண்டு.

ஏழாவது: நோய் உண்டு, சான்றிதழ் இல்லை

அக்கா மகளுக்கு ஒன்பது வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை. ஒரு நாளைக்கு நாலு ஊசி, விரலில் நாலைந்து குத்து. பிகாம் சேர்ந்தபோது "சர்க்கரை நோய் மாணவர் உதவித்தொகை" என்று அவளே தேடினாள். வந்தவை எல்லாம் அமெரிக்க அறக்கட்டளைகள். அங்கே நோய்க்கு நோய் உதவித்தொகை வைத்திருக்கிறார்கள். இங்கே அரசு அப்படிப் பிரிப்பதில்லை. அவள் மனசு விட்டுப்போனாள். "மாமா, நான் ஊனமும் இல்ல, நல்லாவும் இல்ல" என்றாள்.

அவளுக்கு நாங்கள் எடுத்த வழி இரண்டு. ஒன்று, நோயைச் சொல்லாமல் வருமானத்தையும் மதிப்பெண்ணையும் வைத்துக் கிடைக்கும் உதவித்தொகை. மத்தியத் துறைத் திட்டத்தில் அவளுக்குக் கிடைத்தது அப்படித்தான். இன்னொன்று, வைத்தியச் செலவைக் குறைத்து அந்தப் பணத்தைப் படிப்புக்குத் திருப்புவது. கேரளாவில் டைப் 1 சர்க்கரையுள்ள பிள்ளைகளுக்கு மிட்டாய் என்று ஒரு திட்டம் இருக்கிறது. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு ஜாஸ்தி. சிறுநீரக நோய், ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய்க்காரர்களுக்கு மாதாமாதம் உதவும் சமாஸ்வாசம் உண்டு. மருத்துவமனைச் செலவுக்குக் காருண்யா காப்பீடு. தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீடு.

தனியார் அறக்கட்டளைக்கு எழுதும்போது டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். நோயின் பெயரை மட்டும் எழுதிய கடிதம் பயன்படாது. எத்தனை வருடமாக, மாதம் என்ன மருந்து, எவ்வளவு செலவு, எத்தனை நாள் கல்லூரி விடுப்பு, இந்த நான்கும் இருக்க வேண்டும். உங்கள் கடிதமும் அப்படியே. அவள் எழுதியதிலிருந்து இரண்டு வரி: "மாதம் இன்சுலினுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஆகும் செலவு என் அப்பாவின் ஒரு வாரக் கூலி. மாத முடிவில் ஸ்ட்ரிப்பை மிச்சம் பிடிக்க நான் ஒரு வேளை சோதனையை விட்டுவிடுகிறேன்." முதல் பிரதியில் "கொடிய நோயால் அவதிப்படும் ஏழை மாணவி" என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். அதைக் கிழித்துப் போடச் சொன்னேன்.

எட்டாவது: அனுப்பிய பிறகு

பொத்தானை அழுத்தியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். என்எஸ்பி விண்ணப்பம் முதலில் உங்கள் கல்லூரியின் பொறுப்பு அதிகாரியிடம் போகும். அவர் இணையதளத்தில் சரிபார்க்காவிட்டால் அது அங்கேயே கிடக்கும். என் முதல் வருடம் போனது அப்படித்தான். அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. அவர் யார் என்று ஆபீசில் கேட்டு, அச்செடுத்த விண்ணப்பத்தோடு நேரில் போய்ப் பாருங்கள். கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் ஒருமுறை, ஒரு வாரம் முன்னால் இன்னொருமுறை. "டிஃபெக்டிவ்" என்று வந்தால் நிராகரித்ததாக அர்த்தமில்லை. திருத்தி அனுப்பு என்று அர்த்தம். அதற்கும் கடைசித் தேதி உண்டு. அதனால் வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், எஸ்எம்எஸ் வரும் என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்த வருடம் புதுப்பித்தல். போன வருடத் தேர்ச்சி, இந்த வருடக் கட்டண ரசீது, கல்லூரியில் படிப்பதற்கான போனஃபைட் சான்றிதழ், காலாவதியாகாத வருமானச் சான்றிதழ் வேண்டும். உடம்பு சரியில்லாமல் ஒரு செமஸ்டர் தேர்வு எழுத முடியாமல் போனால் அப்போதே மருத்துவச் சான்றிதழோடு கல்லூரிக்கு எழுதிக் கொடுத்து, வாங்கியதற்கு முத்திரை போட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

எங்கள் வீட்டில் இதற்கென்று பழைய ஜவுளிக்கடைப் பை ஒன்று இருக்கிறது. மேலே அசல்கள், கீழே ஐந்து ஐந்து நகல்கள், நடுவில் ஒரு நோட்டு. என்றைக்கு எந்த ஆபீசுக்குப் போனோம், யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள் என்று அக்கா மகள் அதில் எழுதி வைப்பாள். கடைசியாக எழுதியிருப்பது: "வில்லேஜ் ஆபீஸ். சார் லீவு. திங்கள் வரச் சொன்னாங்க. அப்பாவோட ஸ்கூல் சர்ட்டிபிகேட் மறக்காம."